கடைசி அறை ஜெனரல்

சில்க்போர்க்கில் ஒரு முதியோர் இல்லத்தில் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள், ஆளைக் காண முன்னரே ஒருவருக்குப் பயந்துவிட்டேன். எங்கள் வேலையில் ஷிஃப்ட் மாறும்போது றப்போர்ட் என்று ஒன்று உண்டு. போகிறவர்கள் கோப்பி குடித்தபடி, வருகிறவர்களுக்கு ஒவ்வொரு அறையின் நிலவரத்தையும் வாயால் சொல்லிவிட்டுப் போவார்கள். கடைசி அறையில் இருந்தவர் லியூ. முன்பு சீன உணவகம் நடத்தியவர். மறதி நோயில், இந்த நாட்டுக்கு வந்து பழகிய டேனிஷ் மொழி எல்லாம் போய், சீன மொழி மட்டும் மிஞ்சியிருந்தது. றப்போர்ட்டில் அவருக்குப் பெயர் ஜெனரல்.

"பிள்ளை, அந்தாளுக்கு முதுகைக் காட்டிப்போடாதை," என்றார் அங்கே என்னைவிட மூத்தவரான ஜெயா அக்கா. "சண்டையில கனபேரை வெட்டினவராம். இஞ்சையும் ஒருத்திக்குக் கத்தியை நீட்டினவர்."

"ஆருக்கு அக்கா?"

"அது தெரியாது. றப்போர்ட்டில சொன்னவை."

அவரால் இன்னொரு தரம் ஆபத்து அலாம் அடித்தால் அவரைத் தூரத்து ஊரான ஸ்கீவயில் உள்ள பூட்டிய பிரிவுக்கு அனுப்புவதாக மனேஜர் சொல்லியிருந்தார். மகள் சில்க்போர்க்கில் இருந்தார். அவர் வந்து ஊட்டினால்தான் லியூ சாப்பிடுவார்.

அறைக்குள் போனேன். சுவரில் கவசம் போட்ட தளபதி ஒருவரின் படம். லியூ அதன் முன்னால் நின்று, கழுத்து நரம்பு புடைக்கக் கத்திக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் பாய்ந்து வந்து கையைப் பிடித்துப் படத்தடிக்கு இழுத்தார். "அம்மாளாச்சி!" என்று அலறிவிட்டேன். வெளியில் நின்ற ஜெயா அக்கா அலாமை அடித்தார்.

மாலையில் மகள் வந்தார். படத்தில் இருப்பது யாரென்று கேட்டேன்.

"சௌ யூ. ஆயிரத்தெண்ணூறு வருசத்துக்கு முந்தின தளபதி. பெருந்தன்மையான ஆள் எண்டு வரலாறு சொல்லுது. கதைக்காரரும் கூத்துக்காரரும் அவரைப் பொறாமையில ரத்தம் கக்கிச் செத்தவராக்கிப்போட்டினம். சனம் நம்புறது கதையைத்தான். அப்பாவுக்கு அது பொறுக்காது. 'பொய், அந்த மனிசன் அப்பிடியில்லை' எண்டுதான் கத்துறார். ஆர் வந்தாலும் இழுத்து வைச்சுச் சொல்லுவார்."

"அப்பா சண்டைக்குப் போனவரோ?"

"அவர் வெட்டினது கோழியும் வெங்காயமும்தான்."

மறுநாள் றப்போர்ட்டில், கத்தியைக் கண்டது யார் என்று கேட்டேன். ஒருவருமில்லை. துப்புரவு செய்யும் பெண் மட்டும் சொன்னார்: "ஒருநாள் ஆப்பிள் வெட்டி, ஒரு துண்டைக் கத்தி முனையில குத்தி எனக்கு நீட்டினவர். நான் வாங்கித் திண்டனான்."

மனேஜரிடம் ஓடிப்போய் அதைச் சொன்னேன். "முடிவு எடுத்தாச்சு. ஆக்கள் பயப்படுகினம்," என்றார். எனக்கு ஆத்திரமும் அழுகையும் ஒன்றாய் வந்தன.

லியூவை ஸ்கீவக்குக் கூட்டிப்போனது நான்தான். வாசலில் நின்ற, அங்கே வேலை செய்யும் இளம்பெண், பயணத்துக்காக அவரை இருத்தியிருந்த சக்கர நாற்காலிக்குக் கிட்ட வரவில்லை. "இவர் ஒருத்தியைக் குத்தினவராமே, உண்மையோ?" என்று மெல்லக் கேட்டாள். ஊர் வாயை மூட உலைமூடி இல்லை. ஆப்பிள் கதையை முழுக்கச் சொன்னேன். தலையாட்டினாள், ஆனால் முகத்தில் பயம் அப்படியே இருந்தது.

இந்த வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு என்னிடம் ஒரு சொல்தான் உண்டு. கண்டதைக் கண்டேன் என்று சொல்லுங்கள். கேட்டதைக் கேட்டேன் என்று சொல்லுங்கள். அன்று ஸ்கீவயிலிருந்து திரும்ப நான் கார்க் கதவைத் திறந்தபோது லியூ எனக்கு விடைகொடுக்கக் கையை உயர்த்தினார். அந்தப் பெண் துள்ளி விலகினாள்.