பிடரியில் வைத்த கால்

நான் காலைக் காட்டிப் பிறந்தவன். அப்படிப் பிறந்தவன் உதைத்தால் சுளுக்கு விட்டுவிடும் என்பது எங்கள் அருப்புக்கோட்டைப் பக்கத்து நம்பிக்கை. பரளச்சியிலிருந்துகூட இடுப்பைப் பிடித்துக்கொண்டு வருவார்கள். பிழைப்புக்கு விலங்கியல் ஆசிரியர் வேலை. பகலில் மூளையின் அடியில் தமனிகள் கைகோத்து வளையமாக நிற்பதைக் கரும்பலகையில் வரைவேன். சாயங்காலம் யார் முதுகிலாவது கால் வைப்பேன். இரண்டும் இடித்துக்கொள்வதாக எனக்குத் தோன்றியதே இல்லை. மரியாதை எந்தப் பக்கமிருந்து வந்தாலும் வாங்கிக்கொள்கிற ஆள் நான்.

போன ஆடியில் ஒரு மத்தியானம், கொடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த என் மனைவி தலையைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்தாள்.

"மண்டைக்குள்ள என்னமோ தெறிச்ச மாதிரி இருக்குங்க."

வாந்தியும் எடுத்தாள். வெயில் என்று சொல்லி மோர் கொடுத்தேன். பொழுது சாயும்போது கழுத்தை மடக்க முடியவில்லை என்றாள். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்கு உற்சாகமே வந்துவிட்டது. கழுத்துச் சுளுக்கு என் கைவசம், அதாவது கால்வசம், உள்ள வித்தை. குப்புறப் படுக்கவைத்துப் பிடரியைக் குதிகாலால் நீவினேன்.

"வேணாங்க, ஆஸ்பத்திரிக்குப் போவோம்."

"சுளுக்குக்கு எவனாவது ஸ்கேன் எடுப்பானா?" என்று அதட்டினேன்.

விடிந்தபோது கூப்பிட்டால் கண்ணை மட்டும் திறந்தாள். காரியாபட்டியில் இருக்கும் மகள் காரோடு வந்து மதுரைக்குக் கொண்டுபோனாள். வழியில் நடந்ததைக் கேட்டுவிட்டு, "பிள்ளைகளுக்கு என்னத்தப்பா பாடம் நடத்துனீக?" என்றாள்.

ஸ்கேன் பார்த்த இளம் பெண் மருத்துவர் ஒரு தாளில் படம் போட்டு விளக்கினார். தமனி கிளை பிரியும் இடத்தில் சுவர் மெலிந்து, கொப்புளம்போல் உப்பி வெடித்திருக்கிறது. கசிந்த ரத்தம் மூளையைச் சுற்றிப் பரவியதால்தான் கழுத்து விறைத்திருக்கிறது. பாதிப் படத்திலேயே, நான் வகுப்பில் வரையும் வளையம் தெரிந்துவிட்டது. என் படம் இதைவிட அழகாக இருக்கும்.

வலி எப்போது தொடங்கியது என்று கேட்டார். இன்று காலை என்றேன். வைத்தியத்தில் நேரம்தான் முக்கியம் என்று சொல்லிக்கொண்டே அதை எழுதினார். மகள் என்னையே பார்த்தாள். எழுதி முடிப்பதற்குள், நேற்று மத்தியானம் என்று திருத்தினேன். கால் வைத்ததையும் சொன்னேன்.

அவர் பேனாவைக் கீழே வைத்தார். "கழுத்துலயா?"

"ஆமாம்மா. குதிகாலால."

தொடை வழியாகக் குழாய் செலுத்திக் கொப்புளத்தை அடைத்தார்கள். உயிர் தங்கியது. ஆனால் சில நாளில் மூளையின் ரத்தக் குழாய்கள் சுருங்கி, வலது கையையும் பேச்சில் பாதியையும் கொண்டுபோய்விட்டன. அன்றே வந்திருந்தால் இது நேர்ந்திருக்காதா என்று கேட்டேன். உறுதியாகச் சொல்ல முடியாது என்றார். நல்ல மனசு.

இப்போது வீட்டில் நான் டம்ளரைத் தூக்கிக் காட்டுகிறேன். அவள் சாவி என்கிறாள். சீப்பைக் காட்டினாலும் சாவிதான். நேற்று எதையும் காட்டாமல் பக்கத்தில் உட்கார்ந்து, அன்றைக்கு உன் பேச்சைக் கேட்டு ஆஸ்பத்திரிக்குப் போயிருக்க வேண்டும் என்றேன். வெகுநேரம் உதட்டை அசைத்துச் சொல்லைத் தேடினாள்.

"சொன்னேன்ல" என்றாள்.

வீட்டுக்கு வந்த பிறகு அவள் பிழையில்லாமல் பேசியது அது ஒன்றுதான். சரி என்று தலையாட்டினேன்.