ரெஜினா பிடுங்கிய பிளக்

ரெஜினா இறந்த செய்தி வாட்ஸ்அப்பில் வந்தது. அனுப்பியது, எங்கள் பயிற்சிப் பட்டறைக்கு மண்டபம் கொடுத்த சங்கம். "ஆழ்ந்த இரங்கல்" என்ற எழுத்துக்குக் கீழே ஒரு படம். தலைவர் குத்துவிளக்கு ஏற்றுகிறார். ரெஜினாவைத் தேடினேன். மேசைக்கு அடியில் ஒரு முழங்கை தெரிந்தது. அதுதான் அவள். எனக்கு அழுகை வரவில்லை, பற்றிக்கொண்டு வந்தது.

மலேசியாவின் சிரம்பானில் ஒரே அலுவலகத்தில், பக்கத்துப் பக்கத்து மேசையில் நிரல் எழுதியவர்கள் நாங்கள். மம்பாவ் பக்கத்துத் தோட்டத்துப் பெண்களுக்கு ஹாஸ்கெல் நிரல்மொழி சொல்லித்தரப் போவதாக அவள் சொன்னபோது சிரித்தேன். எல்லாம் கணக்கில் வருகிற மாதிரி சார்புகளால் ஆன மொழி, புதியவர்களுக்கு அதுவா என்று கேட்டேன்.

"பழசு எதுவும் தெரியாதவங்களுக்குத்தான் இது சுலபம். போட்டது அப்படியே இருக்கும், வர்றதுதான் புதுசு. இதுல என்ன குழப்பம்?" என்றாள்.

தோட்டத்தில் இணையம் சரியாகக் கிடைக்காது. தேவையானதை எல்லாம் வீட்டிலேயே இறக்கி, ஆறு பென்டிரைவில் கொண்டுவந்தாள். சங்கமோ தன்னிடமிருந்த ஆறு பழைய மடிக்கணினிகளைப் பட்டறை நடந்த ஞாயிறு காலைதான் கண்ணில் காட்டியது. எதிலும் பேட்டரி நிற்காது. அந்தப் பெண்களுக்கு மாதத்தில் ஒரு ஞாயிறுதான் ஓய்வு. "இன்னிக்கு ஓடலன்னா, நமக்கு வராதுன்னு போயிருவாங்க. அப்புறம் கூப்பிட்டாலும் வரமாட்டாங்க," என்று சொல்லிக்கொண்டே ஒவ்வொன்றாக நிறுவினாள்.

பாதியில் ஆறு திரைகளும் ஒன்றாக இருண்டன. செயலாளர் எங்கள் வயரைப் பிடுங்கிவிட்டு ஒலிபெருக்கியைச் சொருகியிருந்தார். என்ன ஆயிற்று என்று ரெஜினா மேசைக்கு அடியில் குனிந்தபோதுதான் அந்தப் படத்தை எடுத்தார்கள். பிறகு தலைவர் கணினி யுகத்தைப் பற்றிப் பேசினார், பேசினார், பேசிக்கொண்டே இருந்தார். பொன்னாடை, மாலை, மறுபடியும் பொன்னாடை. எல்லாரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன். அதை நினைத்தால் இப்போதும் என்மேலேயே எரிச்சல் வருகிறது.

ரெஜினா தட்டவில்லை. மறுபடி குனிந்து ஒலிபெருக்கியின் பிளக்கைப் பிடுங்கினாள். தலைவரின் வாய் அசைந்தது, சத்தம் வரவில்லை.

"என்னம்மா இது, மரியாதை இல்லாம?" என்றார் செயலாளர்.

"இவங்க ஒரு வரி ஓட்டட்டும் லா. அப்புறம் சாயங்காலம் வரைக்கும் பேசுங்க."

எல்லாவற்றையும் முதலிலிருந்து நிறுவினாள். எண்ணெய்க்கான செம்பனைத் தோட்டத்தில் உதிரிப் பழம் பொறுக்கும் சிவகாமி, தன்னோடு வேலை செய்யும் நான்கு பேரின் பெயர்களைத் தட்டினார். அடுத்த வரியில் ஒவ்வொரு பெயருக்கும் முன்னால் 'வணக்கம்' வந்து நின்றது.

"மேல நான் போட்டது அப்படியே இருக்கு பாருங்க! இது புதுசா வந்துருக்கு!" என்றார். யாரும் சொல்லிக்கொடுக்காமல் அவராகவே சொன்னது. "அடுத்த மாசமும் வருவீங்களா டீச்சர்?"

அடுத்த மாதம் மண்டபம் பூட்டியிருந்தது. சாவி தரமாட்டோம் என்றார்கள். ஒவ்வொரு மாதமும் ரெஜினா போய்க் கேட்டாள். போன வாரம் மாரடைப்பு.

இந்த ஞாயிறு அதே மண்டபத்தில் அவளுக்கு இரங்கல் கூட்டமாம். அதற்கு மட்டும் சாவி கிடைத்துவிட்டது. அவளுடைய ஆறு பென்டிரைவும் என்னிடம் இருக்கின்றன. சிவகாமியிடம் அந்த நான்கு பேரையும் கூட்டிவரச் சொல்லிவிட்டேன். தலைவருக்கும் இப்போதே சொல்லிவிடுகிறேன்: நான் பிளக் பக்கத்தில் உட்காருவேன்.