பதினேழு டிகிரி

ஊரில் பாதி ஃப்ரிட்ஜ்களுக்கு நாடி பிடித்தவர் மெக்கானிக். கம்ப்ரஸர் முனகுவதைக் கேட்டே அது இன்னும் எத்தனை நாள் ஓடும் என்று சொல்லிவிடுவார். அப்பேர்ப்பட்ட மனுஷர் தன் வீட்டுக் கண்ணாடித் தொட்டிக்குள் காலையில் இரண்டு, மதியம் இரண்டு, சாயங்காலம் இரண்டு என்று ஐஸ் பாட்டில்களை மிதக்கவிட்டுக்கொண்டிருந்தார் என்றால் யார் நம்புவார்கள்?

தொட்டிக்குள் இருந்தது மகள் வளர்த்த ஆக்சலாட்டல் என்கிற குளிர்நாட்டு நீர்ப்பிராணி. நாலு கால், கழுத்தைச் சுற்றிச் செவுள், எப்போதும் சிரித்தபடி இருக்கிற வாய். தண்ணீர் கொஞ்சம் சூடானாலே சாப்பாட்டை ஒதுக்கிவிடும். அதனால் வீட்டில் அதற்குத் துரை என்று பெயர். வெளிநாட்டில் வேலை கிடைத்துப் போனபோது, "தினம் டிகிரியை மட்டும் சொல்லிடுங்கப்பா" என்றாள் மகள். அன்றிலிருந்து காலை எட்டு மணிக்குத் தவறாமல் கூப்பிடுவாள்.

"எவ்வளவுப்பா?"

"பதினேழும்மா."

"சாப்டுச்சா?"

"ரெண்டு மண்புழு."

அவ்வளவுதான் பேச்சு. அந்த அரை நிமிஷத்துக்காக அவர் ஏழரைக்கே தொட்டிப் பக்கம் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொள்வார்.

"பரண்ல நாலு பழைய கம்ப்ரஸர் தூங்குது. ஒரு நாள் வேலை. தொட்டித் தண்ணியக் குளிர வைக்க ஒரு மெஷின் செஞ்சு மாட்டினா என் ஃப்ரிட்ஜ்ல காய்கறி வைக்க இடம் கிடைக்கும்ங்க" என்பாள் மனைவி. நேரமில்லை என்று நழுவிவிடுவார். மெஷின் வந்துவிட்டால் டிகிரி தானாக நிற்கும். அப்புறம் மகள் எதற்குக் கூப்பிடப்போகிறாள்? இதை அவர் யாரிடமும் சொல்லவில்லை.

வெயில் மண்டையைப் பிளந்த ஒரு நாள், மனைவி அவள் அக்கா வீட்டுக்குப் போயிருந்தாள். மருந்துக்கடை ஃப்ரீஸரோடு மல்லுக்கட்டியதில் அவருக்கு மதியப் பாட்டில் மறந்தே போனது. வந்து பார்த்தால் தண்ணீர் இருபத்தைந்து. துரை செவுள் முன்னால் சுருண்டு, வால் நுனி மடங்கி மூலையில் கிடந்தது. எல்லாப் பாட்டிலையும் அள்ளிப் போடக் கை பரபரத்தது. சட்டென்று குளிர்ந்தாலும் அதற்கு ஆகாது. ஒவ்வொன்றாகப் போட்டுவிட்டு அங்கேயே நின்றார். தன் அரை நிமிஷத்துக்காக வாயில்லாத ஜீவனை இப்படிப் படுத்திவிட்டோமே என்று வெட்கமாக இருந்தது.

மறுநாளே மெஷின் தயார். செம்பு துரைக்கு ஆகாது என்பதால் தண்ணீருக்குள் ஸ்டீல் சுருள். பதினேழில் அசையாமல் நின்ற மீட்டரைப் படம் பிடித்து மகளுக்கு அனுப்பினார். "சூப்பர்ப்பா, இனிமே கவலை இல்ல" என்று பதில் வந்தது.

அடுத்த நாள் எட்டு மணிக்கு ஃபோன் அடிக்கவில்லை. அதற்கடுத்த நாளும் அடிக்கவில்லை. துரை நன்றாகத் தின்றது; அவருக்குத்தான் எதுவும் இறங்கவில்லை. மூன்றாம் நாள் அவரே கூப்பிட்டார்.

"தண்ணி பதினேழும்மா."

"அதான் மெஷின் இருக்கேப்பா. வேற?"

அவர் நாற்காலியைத் தொட்டிப் பக்கம் இன்னும் கொஞ்சம் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"நீ எப்பம்மா வருவே?"



"இதை நீங்க கேப்பீங்கன்னுதாம்பா," என்றாள் மகள், "இத்தனை நாளா டிகிரி கேட்டுட்டு இருந்தேன்."