கம்பி ரெண்டும்

1. சுங்கை ரம்பாய் பக்கத்து எஸ்டேட் ஒன்றில், தொழிலாளர் குடியிருப்பான லயத்தைச் சுற்றிய முள்வேலிக்கு விளக்குகள் போட்டு முடித்தோம்.
2. நான் சோதித்தேன். அட்டையில் 'கம்பி: சரி' என்று எழுதிக் கையெழுத்திட்டேன்.
3. மூன்றாம் நாள் நல்ல மழை.
4. மறுநாள் விடியும் முன், விளக்குகள் எரிந்துகொண்டிருக்கையில், ரப்பர் பால்மரம் வெட்டும் அக்கா ஒருவர் ஈரக் கைலியை வேலியில் காயப் போட்டார். மின்சாரம் தாக்கியது. பிழைத்துக்கொண்டார். வலது உள்ளங்கை வெந்துபோனது.
5. வயர்மேன் அண்ணனின் லைசென்ஸைப் பறித்தார்கள்.

இரண்டாவதை நான் முழுதாக எழுதவில்லை.

மலாயா அவசரகாலத்தில், காட்டிலிருந்த கம்யூனிஸ்டுகளுக்கு உணவு போகாதபடி, தோட்டத்து லயங்களை வேலிக்குள் அடைத்து, இரவெல்லாம் விளக்கு எரியவிட்டார்கள். அந்த வேலையை எடுத்த மலாக்கா ஒப்பந்தக்காரரிடம் நான் சோதனைப் பிரிவில் இருந்தேன். கம்பி இழுப்பது வயர்மேன். கருவி வைத்துப் பார்த்து, சரி என்று சொல்வது நான். விளக்குக் கம்பிக்குள் இரண்டு இழைகள். அவற்றுக்கு இடையே கசிவு உண்டா என்று முதலில் பார்க்க வேண்டும். பிறகு விளக்குக் கம்பிக்கும் முள்கம்பிக்கும் இடையே பார்க்க வேண்டும்.

முதலாவதை முடித்துக் கருவியின் கைப்பிடியைச் சுற்றுவதை நிறுத்தினேன். ஏணியிலிருந்து அண்ணன் குனிந்து பார்த்தார்.

"காப்பிக்கொட்ட அரைச்சாச்சா தங்கச்சி?"

"ஒரு கப் ஊத்தவா அண்ணே?"

"ஊத்துங்க லா. கம்பி ரெண்டும் பாத்தாச்சா?"

"ரெண்டும் பாத்தாச்சு."

அவர் கேட்டது விளக்குக் கம்பியையும் முள்கம்பியையும். நான் சொன்னது உள்ளிருந்த இரண்டு இழைகளை. எங்கள் பேச்சில் எல்லாமே கம்பிதான். ஊரடங்குக்கு முன் லாரி சாலைத் தடுப்பைத் தாண்ட வேண்டும். டிரைவர் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தார். அண்ணன் எந்த ரெண்டைக் கேட்கிறார் என்று ஒரு கணம் சந்தேகம் வந்தது. திருப்பிக் கேட்கவில்லை.

வேலி மூலையில் முள் உரசி விளக்குக் கம்பியின் ரப்பர் கிழிந்திருந்தது. இரண்டாவது சோதனை அதைக் காட்டியிருக்கும்.

விசாரணையில் அண்ணன் சொன்னார்: "ரெண்டும் பாத்தாச்சுன்னு தங்கச்சி சொல்லுச்சு சார். அப்புறந்தான் சுவிட்ச் போட்டேன்."

முள்கம்பியைச் சோதிக்கும்படி அவர் சொன்னாரா என்று அதிகாரி என்னிடம் கேட்டார்.

"முள்கம்பின்னு அவரு சொல்லல சார்."

அதில் ஒரு சொல்லும் பொய்யில்லை. ஆனால் அவர் சொல்ல வேண்டிய அவசியமே இல்லை; அது என் வேலை. அட்டையில் என் கையெழுத்து இருந்தும், பெண்ணாக இருந்ததால் என்னை அண்ணனுக்கு உதவியாள் என்று அதிகாரி எடுத்துக்கொண்டார். மற்ற நாளாக இருந்தால் உடனே திருத்தியிருப்பேன். அன்று அது வசதியாக இருந்தது.

வெளியே அண்ணன் சைக்கிள் பூட்டைத் திறந்துகொண்டிருந்தார். என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை.

"நல்லா படிச்ச புள்ள லா நீங்க," என்றார்.

அந்த அக்காவால் இப்போது மரம் வெட்டும் உளியைப் பிடிக்க முடியாது; தோட்டத்துக் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக் கொட்டகையில் ஆயாவாக இருக்கிறார். அண்ணன் மலாக்கா பக்கத்துப் பாச்சாங்கில் சைக்கிள் டயருக்குப் பஞ்சர் ஒட்டுகிறார். நான் அதே பிரிவில்தான் இருக்கிறேன், ஒரு படி மேலே. தவறு வயர்மேனுடையது என்றே அறிக்கை சொல்கிறது. அதைத் திருத்தச் சொல்லி நான் இன்னும் எழுதவில்லை.