சத்தமாகக் கேட்க வேண்டிய கேள்வி

என் புருஷன் கண்டக்குழிப் பக்கம் கடலட்டை பிடிக்கக் கடலுக்குள் சுழியோடுகிறவர். ஆழத்தில் காது அடிபட்டுக் கேட்பது மந்தமாகிவிட்டது. அதோடு 'கீ' என்று ஒரு சத்தமும் உள்ளே வந்து உட்கார்ந்துகொண்டது. வருஷக்கணக்காகியும் அது எழும்பிப் போகவில்லை. உறக்கம் போனது, பசி போனது, பிள்ளைகளோடு சிரிப்பதும் போனது. ஒரு காலையில் பிளேன்டீயைக் கையில் வைத்துக்கொண்டு, "இந்தத் தலையக் கழட்டி எறிய ஏலுமெண்டா எறிஞ்சிருவன்" என்றார். அன்றிலிருந்து எனக்கு ஒரே பயம். கடலுக்குப் போகிற மனுஷன் ஒருநாள் வேண்டுமென்றே திரும்பி வராமல் இருந்துவிடுவாரோ? வாய்விட்டுக் கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

கேட்பதற்குப் பதிலாக வைத்தியம் பார்த்தேன். உள்ளி போட்டுக் காய்ச்சிய எண்ணெய், ஓதிய தண்ணீர், மதுரங்குளிச் சந்தியில் ஒருவன் தொண்டை கிழியக் கத்தி விற்ற, இலை அரைத்து உருட்டிய குளிசை. அவன் நாசமாய்ப் போக! குளிசை முடிந்தது, சத்தம் முடியவில்லை.

கடைசியில் ஆஸ்பத்திரிக்குப் போனோம். காது டொக்டர் ஒரு தமிழ்ப் பிள்ளை. ஒளிக்காமல் சொன்னார்.

"இந்தச் சத்தத்த இல்லாமலாக்க மருந்து இல்லம்மா. குளிசை குடுத்துப் பாத்த ஆராய்ச்சிகள்ல, மருந்தில்லாத வெறும் குளிசைய விட அதுகள் கூடுதலா வேலை செஞ்சதெண்டு காணல்ல. காது மந்தமா இருக்கிறதால காதுல போடுற மெஷின் கொஞ்சம் உதவலாம், உறுதியாச் சொல்ல ஏலாது. இருக்கிறதுக்குள்ள நல்ல ஆதாரம் இருக்கிறது ஒரு விதமான கதை வைத்தியத்துக்குத்தான், கதைச்சுக் கதைச்சே செய்யிறது. சத்தம் போகாது. அதால வாற வேதனை குறையும்."

நான் என் புருஷனின் காதருகே போய் அதை உரக்கச் சொன்னேன்.

"கதைச்சாச் சுகம் வருமெண்டா, நீ கதைக்கிற கதைக்கு எனக்கு எப்பவோ சுகம் வந்திருக்கும்" என்றார். டொக்டர் சிரித்தார். எனக்கு எரிந்தது. இவ்வளவு காலமும் அலைந்ததற்கு இதுதானா பதில்?

ஆனாலும் அழைத்துப் போனேன். கதை வைத்தியம் செய்கிற மிஸ் சிங்களப் பெண். தங்கமான மனுஷி, ஆனால் தமிழ் தெரியாது. தமிழில் செய்கிறவர் யாருமில்லையா என்று கேட்டேன். கொழும்பில் விசாரித்துப் பாருங்கள் என்றார்கள். நான் கார்மென்ட்ஸில் வேலை செய்த காலத்தில் சிங்களம் படித்தவள். அதனால் அவருக்கும் மிஸ்ஸுக்கும் நடுவில் ஒரு கதிரையைப் போட்டு என்னை உட்கார வைத்தார்கள். அறைக்குக் கதவு இல்லை, திரைதான். வெளியே வாங்கில் எங்கள் ஊர்ச் சனம் வரிசையாக உட்கார்ந்திருந்தது.

எப்போது சத்தம் கூடுகிறது, அப்போது என்ன நினைப்பு வருகிறது என்று மிஸ் ஒவ்வொன்றாகக் கேட்டார். நான் உரக்கத் தமிழில் சொன்னேன். அவர் பதில் சொன்னார். பிறகு மிஸ் பேனையைக் கீழே வைத்துவிட்டு, நான் இத்தனை நாள் விழுங்கி வைத்திருந்த அதே கேள்வியைக் கேட்டார்.

யா அல்லாஹ். அதை நான் கேட்க வேண்டும். அதுவும் கத்திக் கேட்க வேண்டும்.

மெல்லக் கேட்டுப் பார்த்தேன். "என்ன?" என்று காதைத் திருப்பினார். இன்னொரு தரம் கேட்டேன். "விளங்கல்ல, பலமாச் சொல்லு" என்றார்.

"மௌத்தாகிட்டா நல்லமெண்டு உங்களுக்குத் தோணுதா?"

சாவைப் பற்றி நான் கத்திக் கேட்டதில் வெளியே வாங்கில் பேச்சு நின்றுவிட்டது. வெட்கத்தில் உடம்பெல்லாம் கூசியது. அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார், கோபப்படவில்லை.

"ஓம்" என்றார். "ஒவ்வொரு நாளும். நீ பயந்திருவாயெண்டு சொல்லல்ல."

மிஸ் காத்துக்கொண்டிருந்தார். எனக்குக் கண்ணீரில் மிஸ்ஸின் முகமே தெரியவில்லை. மூக்கைச் சீந்திவிட்டு, ஒரு சொல்லும் விடாமல் சிங்களத்தில் சொன்னேன். நான் சரியாகச் சொல்கிறேனா என்று என் புருஷன் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.