பெண்கள் பிரிவில் ஒரு கார் குறைந்தது

எங்கள் தம்போய் வட்டாரத்தில் என் காரைப் பழுது பார்க்கும் வொர்க்‌ஷாப்காரரின் மனைவிக்கு அப்போது ஒரே கவலை. நேர்ப்பாதையில் இரண்டிரண்டு காராக விரட்டி நேரம் பார்க்கும் பந்தய நாளில், பெண்களுக்கென்று ஒரு பிரிவு கேட்டு வாங்கியிருந்தாள். நாலு கார் ஓடினால்தான் பிரிவு. இல்லாவிட்டால் பெண்கள் பழையபடி நாசி லெமாக் சோற்றுப் பொட்டலத்தோடு ஓரத்தில் உட்கார வேண்டியதுதான். கோயில் வாசலிலும் பள்ளிக்கூட வாசலிலும் ஆள் பிடித்தாள். வேலைக்கு ஓட்டும் காரே போதும் என்று சொல்லிப் பார்த்தாள். வீட்டுக்காரரைக் கேட்டுச் சொல்கிறேன் என்றவர்கள் திரும்பி வரவே இல்லை. மூன்று பேர்தான் சிக்கினார்கள். கடைசியில் என்னிடம் வந்தாள்.

முடியாது என்று சொல்லவும் ஒரு தெம்பு வேண்டும். கணவர் போனதிலிருந்து அது என்னிடம் இல்லை. சரி என்றேன்.

வருஷம் திரும்பாமல் நல்ல காரியத்துக்குப் போகக்கூடாதே என்றார் நாத்தனார். கார் பந்தயம் நல்ல காரியமா, கெட்ட காரியமா என்று கேட்டேன். அவருக்கும் தெரியவில்லை.

அன்று வெயில் மண்டையைப் பிளந்தது. கார்கள் நிற்கும் இடத்தில் ஒவ்வொரு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்துக்கொண்டே வந்த வொர்க்‌ஷாப்காரர் மனைவி, என் காரிடம் வந்ததும் தயங்கினாள். துக்க வீட்டுக் காருக்கு வைக்கலாமா என்று குழப்பம். எனக்கு இரண்டும் ஒன்றுதான் என்றேன். வைத்தாள். காரை எடுத்தபோது பழம் நசுங்கிய சத்தம் கேட்டது, அவ்வளவுதான்.

கோட்டில் நின்றேன். பச்சை விழுந்தது. பக்கத்துக் கார் பறந்துவிட்டது. நான் அசையவில்லை. பயமெல்லாம் இல்லை. விளக்கு தெரிந்தது, போக வேண்டும் என்பதும் தெரிந்தது. நான் ஓடாவிட்டால் அவள் வாங்கிய பிரிவு போச்சு என்பதும் தெரிந்தது. கால்தான் என்னுடையதாக இல்லை.

தடுப்புக்கு அந்தப் பக்கம் நின்றிருந்த அவள் என் ஜன்னல் பக்கம் குனிந்தாள். “பரவாயில்லக்கா. நீங்க நகர்ந்த பிறகுதான் உங்க நேரம் ஓடும் லா.”

மிதித்தேன்.

தோற்றேன். ஆனால் ஓடிய கார் நாலு. அடுத்த முறையும் பிரிவு உண்டு என்று என் கையைப் பிடித்துக் குலுக்கினாள். எப்படி இருந்தது என்றாள். ஒன்றும் தெரியவில்லை என்றேன். உண்மையும் அதுதான்.

திரும்பும்போது தெப்ராவ் நெடுஞ்சாலை நெரிசலில் மாட்டிக்கொண்டேன். வண்டிகள் ஊர்ந்துகொண்டிருந்தபோதுதான் உறைத்தது. மிதித்ததிலிருந்து கடைசிக் கோடு வரை அவர் என் நினைப்பில் வரவே இல்லை. ஸ்டியரிங்கில் தலையை வைத்து அழுதேன். சாவு வீட்டில்கூட நான் அப்படி அழவில்லை.