பன்னிரண்டாவது வருடத்து மக்னோலியா

அம்மா ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் படுக்கை விரிப்புகளுக்கு இஸ்திரி போடுபவள். நாளெல்லாம் வெள்ளையைப் பார்த்துச் சலித்தவளுக்கு வெள்ளைப் பூ மரத்தின்மேல் எப்படி ஆசை வந்ததோ தெரியாது. நாற்றுப் பண்ணையில் வேலை பார்த்த மாமா, அவளுடைய அண்ணன், ஒரு மக்னோலியா கன்றைக் கொடுத்து, ஒட்டுக்கன்று, மூன்றே வருடத்தில் பூக்கும் என்றார். வாசலில் நட்டாள். உண்மையில் அது விதையில் முளைத்தது, பண்ணையில் கழித்துப் போட்டது. பூக்கப் பத்து, பதினைந்து வருடம் ஆகும். மாமாவுக்குத் தெரியும். வரும்போதெல்லாம், "என்னம்மா, உன் மரம் பூத்துச்சா, இன்னும் யோசிச்சுக்கிட்டே இருக்கா?" என்பார். அப்பா புரையேறும் அளவுக்குச் சிரிப்பார்.

பன்னிரண்டாவது வருடம் அப்பா கெடு வைத்தார். வரும் வசந்தத்தில் ஒரு பூவாவது பூக்க வேண்டும். இல்லையென்றால் வெட்டிவிட்டு அங்கே கார் கொட்டகை. அம்மா ஒப்புக்கொண்டாள். அந்தக் குளிர்காலத்தில் இடுப்பெலும்பு முறிந்து ஆஸ்பத்திரியில் கிடந்தாள். மரம் என் பொறுப்பில் இருந்தது.

அவள் வீடு திரும்புவதற்கு முந்தின நாள்தான் கவனித்தேன். இலை உதிர்ந்த கிளை நுனிகளில் சாம்பல் நிறத்தில், மயிர் மண்டிய கூடுகள். பதினேழு இருந்தன. மாமாவுக்குப் போன் செய்தேன்.

"புழுக்கூடுதான். ஒண்ணு விடாம கிள்ளிப் போட்டுடு, பட்டதாரி அம்மா."

கிள்ளினேன். எங்கள் வீட்டில் முதன்முதலாகக் கல்லூரிக்குப் போனவள் நான். ஒன்றையாவது பிளந்து பார்த்திருக்கலாம்.

ஊன்றுகோலுடன் வந்து இறங்கிய அம்மா மரத்தடியில் நின்றுவிட்டாள். குப்பைக் கூடையிலிருந்து ஒன்றை எடுத்து நகத்தால் கீறினாள். உள்ளே ஈரமாக, மடிப்பு மடிப்பாக வெள்ளை இதழ்கள். மாமா சொன்னதைச் சொன்னேன். "அவனுக்குத் தெரியாம இருக்குமா," என்றாள். மொட்டு விட்ட மரம் என்று தெரிந்தால் அப்பா விட்டுவிடுவார், சொல்லிவிடலாம் என்றேன்.

"வேண்டாம். படிச்சு என்னத்தக் கிழிச்சேன்னு ஆயுசுக்கும் உன்னைக் குத்திக் காட்டுவார்."

நான் வற்புறுத்தவில்லை. அப்போது எனக்கு நிம்மதியாக இருந்தது. இன்றுவரை உறுத்துவது அந்த நிம்மதிதான்.

வசந்தத்தில் இலை மட்டும் துளிர்த்தது. ரம்பத்தை மாமாவே கொண்டுவந்தார். போன் பேச்சைப் பற்றி மூச்சுவிடவில்லை. என்னைப் பார்த்து ஒரு முறை கண்ணடித்தார், அவ்வளவுதான். மரம் ஜன்னல் மேல் சாயாமல் கயிற்றை இழுத்துப் பிடிக்க ஓர் ஆள் வேண்டும் என்றார் அப்பா. நான் உள்ளே போய்விட்டேன். அம்மா ஊன்றுகோலைச் சுவரில் சாய்த்துவிட்டுக் கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டாள்.

"நல்லா இழுத்துப் பிடிம்மா," என்றார் மாமா.